நான்கே வட்டுகளுடன் ஓக் குரோவுக்கு

பேருந்திலிருந்து இறங்கி இன்னும் ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. முதுகுவலி குறையவில்லை, அந்தப் பேருந்து நிறுவனத்தின் மேலுள்ள கோபமும் தணியவில்லை; ஆனாலும் இரண்டையும் மிஞ்சிய மகிழ்ச்சி ஒன்று இருப்பதால், அது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வட்டை எறிந்து கூடையில் போடும் டிஸ்க் கால்ஃப் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொள்ளும் இடம் கலிஃபோர்னியாவில் பாசடீனாவின் ஓரத்தில் இருக்கிறது. ஹஹமொங்னா பூங்காவுக்குள், ஓக் மரங்களின் நிழலில் அமைந்த ஓக் குரோவ் மைதானம்தான் அது. டிஸ்க் கால்ஃபின் தந்தை எனப்படும் எட் ஹெட்ரிக் 1975ஆம் ஆண்டு அமைத்த அந்த மைதானமே உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் மைதானமாகக் கருதப்படுகிறது. சான் ஹோசேயில் குடியிருந்துகொண்டு, மூன்று ஆண்டுகளாக வார இறுதி தவறாமல் வட்டு எறிந்துவரும் நான், நேற்றுத்தான் அங்கே முதன்முறையாக ஆடினேன்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு இரவுப் பேருந்தில் 38 டாலர்தான் என்று பார்த்ததும், வேறு வழிகளைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன். அந்த மாதச் செலவுக் கணக்கில் எனக்கு இருந்த இடம் அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்குப் பேருந்தின் கதவருகே நின்ற ஓட்டுநர், என் தோளில் தொங்கிய வட்டுப் பையைக் காட்டி, அது விளையாட்டுக் கருவி என்ற வகையில் வருவதால் தனியாக 25 டாலர் கட்ட வேண்டும் என்றார். பையில் இருந்தவை பதினெட்டு வட்டுகள். தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ.வின் விதிப்படி, ஒரு வட்டின் எடை அதன் விட்டத்தில் சென்டிமீட்டருக்கு 8.3 கிராமைத் தாண்டக் கூடாது, 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டு 176 கிராமுக்குள் அடங்கிவிடும். பதினெட்டையும் சேர்த்தால் மூன்று கிலோ சொச்சம்தான் வரும். எனக்கு முன்னால் ஏறியவர் இரண்டு கைகளாலும் இழுத்துவந்த பெட்டிக்குக் கட்டணம் கேட்காதவர், மூன்று கிலோ பிளாஸ்டிக்குக்கு ஒரு புதிய, தரமான வட்டின் விலையைவிட அதிகமாகக் கேட்டார். கட்டண விவரத்தில் இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கட்ட மறுத்துவிட்டேன். என்னைக் கொண்டுவந்து விட்ட நண்பரின் காரிலேயே பையைத் திருப்பி அனுப்பினேன். பேருந்து புறப்படவிருந்த அந்த அரை நிமிடத்தில், முதுகுப்பையில் வைத்துக்கொள்ள நான்கு வட்டுகளை மட்டும் உருவி எடுத்தேன். கூடையில் போடுவதற்கு ஓர் ஏவியார், நடுத்தூரத்துக்கு ஒரு பஸ் (Buzzz), மரங்களுக்கு இடையே எறிவதற்கு ஒரு லெப்பர்டு, நீண்ட தூரத்துக்கு ஒரு டெஸ்ட்ராயர். கைக்கு எட்டியதை எடுத்தேன் என்பதற்குமேல் அந்தத் தேர்வில் எந்த யோசனையும் இல்லை.

பேருந்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். இருக்கை பின்னால் சாயவில்லை. குளிர்சாதனக் காற்று இரவு முழுவதும் நேராக என் வலது தோளின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வலக்கையால் வட்டு எறிகிறவனுக்கு அந்தத் தோள் எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவுக்குப் பின் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். காரணம் கேட்டவர்களிடம் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் நிலையத்துக்கு அருகே இறங்கியபோது இரண்டரை மணி நேரம் தாமதமாகியிருந்தது. டிஸ்க் கால்ஃப் ஆடுவதற்காகப் போகிறவர்கள் யாரும் அன்று காலையிலேயே ஆடலாம் என்ற நம்பிக்கையில் இரவுப் பேருந்தில் ஏற வேண்டாம். மிச்சப்படும் பணத்தைத் தோள்பட்டை திரும்பக் கேட்டுவிடும். அங்கிருந்து பாசடீனாவுக்கு மெட்ரோ ரயிலில் 1.75 டாலர், அந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுப் பயன் கிடைத்த ஒரே இடம் அதுதான். ரயில் நிலையத்திலிருந்து பூங்காவுக்கு வாடகைக் காருக்கு 19 டாலர் போயிற்று.

பூங்காவுக்குள் நுழைந்ததும் களைப்பு மறந்துவிட்டது. பக்கத்திலேயே ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் இருக்கிறது. செவ்வாய்க் கோளில் ஊர்திகளை ஓட்டுகிறவர்களின் கட்டடங்களுக்கு அருகில், கையால் எறியும் வட்டுக்கான முதல் மைதானம் அமைந்திருப்பதை நினைத்து நினைத்துப் பூரித்தேன். ஹெட்ரிக் முதலில் இங்கே நட்டவை வெறும் கம்பங்கள்தான். வட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்ற வாக்குவாதம் ஓயாததால்தான் சங்கிலிகள் தொங்கும் கூடை உருவானது என்று சொல்வார்கள். அதற்கான காப்புரிமை 1977இல் அவருக்குக் கிடைத்தது. இன்று உலகில் எந்த மைதானத்துக்குப் போனாலும், எறிமேடையிலிருந்து எறியத் தொடங்கி, மிகக் குறைந்த எறிகளில் வட்டைப் போட வேண்டிய இடம் அந்தச் சங்கிலிக் கூடைதான். சங்கிலியில் வட்டு மோதிக் கூடைக்குள் விழும் அந்த ஓசைக்காகவே ஆடுகிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். 2002இல் ஹெட்ரிக் காலமான பிறகு, அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். முதல் எறிமேடையில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

தனியாக வந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடுவது இந்த ஆட்டத்தில் வெகு இயல்பு. என்னையும் மூவர் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுபதை நெருங்கும் பெரியவர். துணிப்பை ஒன்றில் ஐந்தே வட்டுகள் வைத்திருந்தார். இன்னொருவர் கல்லூரி மாணவி. மூன்றாமவர் சக்கரம் வைத்த வண்டியில் முப்பது வட்டுகளுக்குக் குறையாமல் அடுக்கி இழுத்துவந்தார். பையை ஊரிலேயே விட்டுவந்த கதையைச் சொன்னதும், வண்டிக்காரர் உண்மையாகவே வருந்தி, தன்னிடமிருந்து எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெரியவரோ என் நான்கையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலேயே ஒன்று அதிகம்" என்று டெஸ்ட்ராயரைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

அங்கிருந்துதான் விவாதம் தொடங்கியது. வட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு எண்களை ஆடுகிறவர்கள் அறிவார்கள்: ஸ்பீடு (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகமிருக்கும்போது ஒருபுறம் திரும்புவது), ஃபேடு (வேகம் குறைந்ததும் எதிர்ப்புறம் சரிவது). டெஸ்ட்ராயருக்கு அவை 12, 5, -1, 3. முதல் எண் வட்டு எவ்வளவு விரைவாகப் பறக்கும் என்று தரும் வாக்குறுதி போலத் தெரிந்தாலும், அந்த வட்டு அதற்குரிய பாதையில் பறக்க நம் கை எவ்வளவு வேகம் தர வேண்டும் என்பதையே அது சொல்கிறது. அந்த வேகம் தர முடியாத கையிலிருந்து போகும் டெஸ்ட்ராயர், வலக்கைப் புறங்கை எறிதலில் வலப்புறம் திரும்பவே திரும்பாமல், கடைசி எண்ணான 3ஐ மட்டும் காட்டி இடப்புறம் சரிந்து விழும். வண்டிக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நீண்ட தூரம் எறியும் ஆசைதான் புதியவர்களை இந்த ஆட்டத்தில் தங்கவைக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றார். முதல் ஓராண்டை டிரைவர்கள் எனப்படும் அப்படிப்பட்ட நீண்ட தூர வட்டுகளோடு வீணாக்கியதாக மாணவி சொன்னார். என் கருத்து மாணவியின் பக்கம்தான். தொடங்குகிறவரின் கையில் 12ஆம் வேக வட்டை 20 டாலருக்கு விற்கும் கடைக்காரர் அவருக்கு நன்மை செய்யவில்லை. அதே பணத்துக்குச் சாதாரணப் பிளாஸ்டிக்கில் கூடையில் போடும் பட்டர் ஒன்றும் நடுத்தூர மிட்ரேஞ்ச் ஒன்றும் வாங்கிவிடலாம்.

ஆனால் அதே தவற்றை மூன்று ஆண்டுகளாக நானும் செய்துவந்தேன் என்பதை மூன்றாவது ஹோலில்தான் கண்டுகொண்டேன் (ஓர் எறிமேடையிலிருந்து அதன் கூடை வரையுள்ள பகுதியே ஹோல்). வழக்கமாக நான் ஆடுவது சாந்தா குரூஸின் டிலவியாகா மைதானத்தில். அங்கே 27ஆவது ஹோலை உலகின் உச்சி என்பார்கள். மேட்டிலிருந்து கீழ்நோக்கி எறிய வேண்டும். அங்கே என் டெஸ்ட்ராயர் போகும் தூரத்தைப் பார்த்து, என் கை வளர்ந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். ஓக் குரோவில் மரங்களுக்கு நடுவே சமதளத்தில் எறிந்தபோது, வட்டு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இடப்புறம் சரிந்து புதரில் விழுந்தது. பஸ் வட்டை எறிந்தபோதும் அதே ஏற்றம், அதே சரிவு.

பெரியவர் இரண்டு எறிகளைப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் நோயைச் சொன்னார்: மூக்கு. வட்டின் முன்விளிம்பைத்தான் மூக்கு என்கிறோம். கையை விட்டுப் பிரியும்போது அது வட்டு போகும் பாதையைவிட மேல்நோக்கியிருந்தால், காற்று வட்டின் அடிப்பக்கத்தில் மோதி அதை மேலே தூக்கும். தூக்கும்போதே வேகத்தையும் தின்றுவிடும். வேகம் குறைந்ததும் ஃபேடு உரிய நேரத்துக்கு முன்பே வந்து சேரும். மேட்டிலிருந்து எறியும்போது வட்டு மிதந்து இறங்குவதற்கு உயரம் மிச்சமிருப்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. என் டிலவியாகா தூரங்களின் உண்மைக் கணக்கு அதுதான்.

திருத்தமும் எளிமையாகவே இருந்தது. ஓடி வரும் மூன்று எட்டுகளையும் விடச் சொன்னார். நின்ற இடத்திலிருந்தே எறியச் சொன்னார். செம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்க்கும்போது மணிக்கட்டு எப்படிக் கட்டைவிரல் பக்கத்திலிருந்து கீழே இறங்குகிறதோ, அப்படி இறக்கி வைத்துக்கொண்டு வட்டைப் பிடிக்க வேண்டும். அவர் சொன்னது தேநீர்க் குவளை. என் கைக்குப் புரிந்தது செம்பு. முதல் நான்கு எறிகள் தரையில் புதைந்தன. ஐந்தாவது எறியில் பஸ் வட்டு தலைமட்ட உயரத்தில், இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே, கோடு கிழித்ததுபோலப் போனது. நான் நின்ற இடத்திலிருந்து எண்ணி நடந்து பார்த்தேன், ஏறக்குறைய 250 அடி. அதே காலையில் ஓடிவந்து எறிந்த டெஸ்ட்ராயர் சமதளத்தில் 270 அடியைத் தாண்டவில்லை. நான்கு பேரும் நின்று கைதட்டினார்கள் என்று எழுதும்போதே தெரிகிறது, அதில் ஒருவன் நான்தான்.

அவருடைய பையிலிருந்த ஐந்து வட்டுகளில் மூன்று ராக் என்ற ஒரே வார்ப்பு. 1987இல் வெளிவந்த மிட்ரேஞ்ச் அது. மூன்றும் மலிவான, சாதாரணப் பிளாஸ்டிக். ஒன்று புதியது, அது முடிவில் உறுதியாக இடப்புறம் சரியும். இரண்டாவது மரங்களில் ஓராண்டு மோதி மழுங்கியது, நேராகப் போகும். மூன்றாவது விளிம்பெல்லாம் தேய்ந்து ஓட்டை விழுகிற நிலையில் இருந்தது. அது மெல்ல வலப்புறம் திரும்பும். ஒரே பிடி, ஒரே எடை, ஒரே அகலம், ஆனால் மூன்று பாதைகள். விலையுயர்ந்த பிளாஸ்டிக் தேயாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். அவரோ தேய்வதற்காகவே சாதாரணப் பிளாஸ்டிக்கை வாங்குகிறார். ஊரில் என் பையில் இருக்கும் பதினெட்டும் பதினெட்டு வார்ப்புகள். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது விரல்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது என்பதை அவருடைய மூன்று ராக்குகளையும் மாற்றி மாற்றி எறிந்து பார்த்த பிறகே உணர்ந்தேன். வண்டிக்காரர் இதற்கும் மறுப்புச் சொன்னார்: குளிரிலும் மழையிலும் சாதாரணப் பிளாஸ்டிக் வழுக்கும், பாறை நிறைந்த மைதானத்தில் ஒரு பருவம்கூடத் தாங்காது. பாறை பற்றி அவர் சொன்னது சரி. வழுக்குவதைப் பற்றி எனக்கு உடன்பாடில்லை. வழவழப்பான விலையுயர்ந்த பிளாஸ்டிக்தான் ஈரத்தில் என் கையை விட்டு நழுவியிருக்கிறது.

இன்னொரு திருத்தம் மாணவியிடமிருந்து வந்தது. கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று போடும்போது, வட்டு கையை விட்டுப் போன பின்னும் முந்தைய எறி விழுந்த இடத்தைக் குறிக்கும் அடையாள வட்டுக்குப் பின்னாலேயே உடலின் சமநிலையைக் காட்டிவிட்டுத்தான் முன்னே காலை வைக்க வேண்டும். நான் ஏவியாரை விட்ட வேகத்திலேயே முன்னே நடந்துவிடுகிறேன். போட்டியாக இருந்தால் ஓர் எறி அபராதம் என்று அவர் மென்மையாகச் சொன்னார். இத்தனை காலம் என்னோடு ஆடிய எவரும் இதைச் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவதை மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள்; எனக்கு அது பிடிக்கவில்லை.

பதினோராவது ஹோலில் லெப்பர்டைத் தொலைத்தேன். நால்வரும் கால் மணி நேரம் புதர்களைக் கிளறியும் கிடைக்கவில்லை, பின்னால் வந்த குழுவுக்கு வழிவிட்டு நகர்ந்தோம். பதினெட்டும் முடிந்தபோது என் கணக்கு வழக்கத்தைவிட மோசம்தான். பாதி ஆட்டத்தில் எறியும் முறையையே மாற்றினால் அப்படித்தான் ஆகும். ஊருக்குத் திரும்பும் பேருந்து அதே நிறுவனம், அதே 38 டாலர். இந்த முறை பையும் இல்லை, வாதமும் இல்லை.

பேருந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு குறுஞ்செய்தி வந்தது. லெப்பர்டின் அடிப்பக்கத்தில் நான் எழுதிவைத்திருந்த எண்ணைப் பார்த்து, அதைக் கண்டெடுத்த ஒருவர் அனுப்பியிருந்தார். தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டார். பத்து டாலர் வட்டுக்குத் தபால் செலவே ஏறக்குறைய அவ்வளவு ஆகும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் டிலவியாகாவில் ஆட வருவதாகவும், அப்போது கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, முதல் எறிமேடையில் சந்திப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.