நான்கு தளங்களும் ஒரு கடவுச்சொல்லும்

திருமங்கலம் பக்கம் இயங்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், செவிலியர் கல்லூரி, மெட்ரிக் பள்ளி என நான்கு நிறுவனங்கள். நான்குக்கும் தனித்தனி இணையதளம். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு மதுரையிலுள்ள எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தபோது, எல்லாத் தளங்களிலும் ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. அலுவலகக் கண்காணிப்பாளரிலிருந்து, சேர்க்கை நேரத்தில் மட்டும் வந்துபோகும் தற்காலிக ஊழியர்கள் வரை அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “தம்பி, ஒரே பாஸ்வேர்டா இருந்தா எல்லாருக்கும் சௌகரியந்தானே?” என்றார் கண்காணிப்பாளர். நான்கு கடவுச்சொற்களை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்ற வகையில் அவர் சொன்னது நியாயமே. ஆனால் கட்டண விவரப் பக்கத்தை யாரோ திருத்திவிட்டால், திருத்தியவர் ‘அட்மின்’ என்று மட்டுமே பதிவாகியிருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார் என்று எவரிடமும் கேட்க வழியில்லை.

தளங்கள் நான்கும் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இருந்ததால், 2010இல் அதன் 3.0 பதிப்போடு சேர்க்கப்பட்ட, பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்தும் மல்டிசைட் வசதிக்கு அவற்றை மாற்றினோம். அதில் பயனர் பட்டியல் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது. ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அதிகாரமோ தளவாரியாகத் தனித்தனி வரியாகத் தரவுத்தளத்தில் எழுதப்படுகிறது. ஆகவே பள்ளித் தளத்தில் எடிட்டராக இருக்கும் ஆசிரியை, பாலிடெக்னிக் தளத்தில் வெறும் வாசகர்தான். ஒருவர் யார் என்பதை ஒரே இடத்திலும், அவர் என்ன செய்யலாம் என்பதை அந்தந்த இடத்திலும் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஒரே கணக்கு என்றால் ஒருமுறை உள்ளே நுழைந்தால் போதும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நுழைவை நினைவில் வைத்திருக்கும் குக்கீ என்ற சிறு தரவை, அது எந்த டொமைனுக்கு (இணைய முகவரிப் பெயருக்கு) உரியதோ அந்த டொமைனுக்கு மட்டுமே பிரவுசர் அனுப்பும். தளங்கள் ஒரே டொமைனின் கிளைகளாக இருந்தால் குக்கீயைப் பொதுவாக்கிவிடலாம். தனித்தனி டொமைன்கள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒருமுறை நுழையத்தான் வேண்டும், அல்லது தனி நுழைவு மையம் ஒன்றை அமைக்க வேண்டும். ஒரே டொமைனின் கிளைகளாக்கும் முதல் வழியை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

சிக்கல் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. செவிலியர் கல்லூரித் தளத்தின் நிர்வாகியான எழுத்தர், தொடர்பு பக்கத்தில் கூகுள் மேப்பின் ஐஃபிரேம் துண்டை, அதாவது வேறு தளத்தின் பக்கத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் நிரலை, ஒட்டிச் சேமித்தார். பக்கத்தைத் திறந்தால் வரைபடத்தைக் காணோம். மறுபடி ஒட்டினார், மறுபடியும் மறைந்தது. தனித்தளத்தில் நிர்வாகிக்கு உள்ள வடிகட்டாத எச்டிஎம்எல் உரிமை (எந்த நிரல்துண்டையும் அப்படியே சேமிக்கும் உரிமை), மல்டிசைட்டில் எல்லாத் தளங்களுக்கும் பொறுப்பான சூப்பர் அட்மினுக்கு மட்டுமே உண்டு. பிளகின் என்ற கூடுதல் வசதிக்கான மென்பொருளை நிறுவும் உரிமையும் அப்படித்தான். ஒரு தளத்தில் நுழையும் தீங்கான நிரல்துண்டு, பொதுவான கணக்குகள் வழியே மற்றத் தளங்களையும் தொட்டுவிடக்கூடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு தேவையானது. “அவருக்கும் சூப்பர் அட்மின் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுரும்ல சார்?” என்று எங்கள் அலுவலக இளைஞர் கேட்டார். ஒரு வரைபடத்துக்காக நான்கு நிறுவனங்களின் சாவிகளையும் ஒருவர் கையில் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. வரைபடத்துக்கென ஒரு பிளகினை நாங்கள் நிறுவினோம். அதன்பின் முகவரியை மட்டும் எழுத்தரே இட்டுக்கொண்டார்.

பணியிலிருந்து விலகுவோர் விஷயத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். ஒரு தளத்திலிருந்து ஒருவரை நீக்கினாலும், மற்றத் தளங்களில் அவருடைய உரிமை அப்படியே நிற்கும். முழுமையாக நீக்கும்போது, அவர் எழுதிய பக்கங்களை அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தால் பழைய தேர்வு அறிவிப்புகளெல்லாம் போய்விடும். எனவே கணக்கை உடனே அழிக்காமல், எல்லாத் தளங்களிலும் அதிகாரத்தை எடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுகிறோம். மாற்றியவுடன் வேறு கணினிகளில் திறந்திருக்கும் நுழைவுகளும் செல்லாமல் போகின்றன. நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு ஆகியவற்றின் கையெழுத்துகளோடு இணையதளக் கணக்குக்கும் ஒரு வரியைப் பணிவிடுப்புப் படிவத்தில் சேர்க்குமாறு கேட்டோம். கண்காணிப்பாளர் அதை ஏற்று, கணக்குப் பிரிவுக்கு மேலேயே அந்த வரியை அச்சிட்டுவிட்டார்.