இரவு இரண்டு மணி மாவு

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் சிறிய மின்னணுத் தராசு ஒன்று நிரந்தரமாக இருக்கும். பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு எழுந்து, அதன் மேல் எவர்சில்வர் டம்ளரை வைத்து, வெள்ளைக் கார்ன்ஃப்ளவர் மாவை கிராம் பிசகாமல் அளந்து, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து என் மகளுக்குக் கொடுத்து வந்தேன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அந்த டம்ளரை என் கையிலிருந்து அவள் கைக்கு மாற்றுவதற்கு நாங்கள் இருவரும் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அவளுக்கு இருப்பது கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் 1ஏ வகை. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரக்கூடியது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸில் மிஞ்சியதைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்து, வயிறு காலியான நேரத்தில் அதை மறுபடியும் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விட வேண்டும். அந்த வேலையின் கடைசிப் படியைச் செய்கிற குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அவள் உடலில் வேலை செய்வதில்லை. குதிர் நிறைய நெல் இருந்தும் அடைப்பைத் திறக்க முடியாமல் பட்டினி கிடக்கும் வீட்டைப் போன்றது அவள் கல்லீரல். சேர்ந்தது வெளியேறாமல் கல்லீரல் பெருத்துக்கொண்டே போகும். இரத்தத்தில் லாக்டிக் அமிலமும் யூரிக் அமிலமும் கொழுப்பும் ஏறும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே சர்க்கரை சரிந்துவிடும்.

கைக்குழந்தையாக இருந்தபோது கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளி இருந்தவளைப் பார்த்தவர்களெல்லாம் கொழுகொழுவென்று வளர்கிறாள் என்று திருஷ்டி கழித்தார்கள். ஈரல் வீக்கம் என்று சொல்லி மூன்று மாதம் டானிக் கொடுத்த மருத்துவரும் உண்டு. ஏழாம் மாதத்தில் ஒரு விடியற்காலையில் வலிப்பு வந்தபோது எடுத்த பரிசோதனையில் சர்க்கரை 28 என்று வந்தது. மரபணுப் பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்கு மேலும் சில மாதங்கள் ஆயின.

இந்த நோயை எட்கர் ஃபான் கீர்க்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1929இல் விவரித்தார். இதற்குக் காரணம் ஒரே ஒரு நொதியின் குறைபாடு என்பதை கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் 1952இல் நிறுவினார்கள். ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியமான ஆண்டு 1984. மூக்கு வழியே குழாய் செருகி இரவு முழுவதும் குளுக்கோஸ் சொட்டவிடுவதற்குப் பதிலாக, வேகவைக்காத மக்காச்சோள மாவுச்சத்தை, அதாவது இந்தக் கார்ன்ஃப்ளவரை, கொடுத்தால் அது குடலில் மெல்ல மெல்லக் கரைந்து, மணிக்கணக்கில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் என்று அந்த ஆண்டில்தான் மருத்துவ இதழில் எழுதினார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் ஒரு மாவு என் மகளை உயிரோடு வைத்திருக்கிறது என்பதை இன்றுவரை நான் ஆச்சரியத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

எளிய பொருள்தான், ஆனாலும் அதில் தவறு செய்வது அதைவிட எளிது. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது எனக்குக் காய்ச்சல் கண்டு, என் மாமியார் இரவு மாவைக் கரைத்துக் கொடுத்தார். பச்சைத் தண்ணீர் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சூடான தண்ணீரில் கரைத்துவிட்டார். சூடு பட்டால் மாவுச்சத்து வெந்து, சோறு போல விரைவாகச் செரித்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் சர்க்கரை 38. அதில் பயங்கரம் என்னவென்றால், அவள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். லாக்டிக் அமிலம் ஏறியிருக்கும்போது மூளை அதை வைத்துச் சிறிது நேரம் சமாளித்துக்கொள்ளும் என்பதால், இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எதையும் கணிக்க முடியாது. என் மாமியார் அன்று அழுததைப் பார்த்த பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அவர் எனக்கு மாமியார் மட்டுமல்லர், என் தாய்மாமன் மனைவி. நான் பிறந்த நாளிலிருந்து எனக்கு அத்தை.

ஆம், நான் மாமன் மகனைத்தான் மணந்துகொண்டேன். என் அம்மாவைப் பெற்றவர்கள்தான் அவருக்கு அப்பா வழித் தாத்தா பாட்டி; அவர்களில் ஒருவரிடமிருந்த பழுதான மரபணுப் பிரதி என் அம்மா வழியாக எனக்கும், மாமா வழியாக என் கணவருக்கும் வந்து, எங்கள் மகளிடம் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. எங்கள் இருவருக்கும் நல்ல பிரதி ஒன்றும் இருந்ததால் எங்களுக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்தவனான மகன் தப்பித்தான்.

பதின்ம வயது வேறு விதமான சோதனைகளைக் கொண்டுவந்தது. கூடப் படிக்கும் பெண்களைவிட அவள் ஒரு சாண் குள்ளம். இந்த நோயில் பருவமடைதலும் தாமதமாகும். பதின்மூன்று வயதிலிருந்தே விசேஷ வீடுகளில் “இன்னும் பெரியவளாகலையா?” என்று அவள் காதுபடக் கேட்டார்கள். பதினைந்து தாண்டித்தான் ஆனாள். ஆனபோது உதிரப்போக்கு பதினொரு நாள் நிற்கவில்லை. இரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் ஒட்டிக்கொள்ளும் திறன் இந்த நோயில் குறைந்துவிடும் என்பதை எங்கள் மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் ஓடிப்போய்ச் சிகிச்சை எடுத்தோம். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பழம், பால் எல்லாமே அவளுக்குக் கட்டுப்பாடு. அவற்றிலுள்ள ஃப்ரக்டோஸ், காலக்டோஸ் என்ற சர்க்கரை வகைகளை அவள் கல்லீரலால் குளுக்கோஸாக மாற்றி வெளியே விட முடியாது, லாக்டிக் அமிலம்தான் ஏறும். அத்தை கருப்பட்டியே சேர்க்காமல், உப்புப் போட்டு நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் அதையே சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்பில், அவள் பொய் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளியில் பதினோரு மணி இடைவேளையில் குடிக்க வேண்டிய மாவைக் கை கழுவும் இடத்தில் கொட்டிவிட்டு, குடித்துவிட்டேன் என்றாள். வெள்ளையாக என்ன குடிக்கிறாய் என்று யாரோ கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். விலை கட்டுப்படியாகாததால் தேர்வு மாதங்களில் மட்டும் கையில் ஒட்டும், சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து காட்டும் சென்சார்தான் உண்மையைச் சொன்னது: பன்னிரண்டு மணிக்கு மேல் கோடு சரிவாக இறங்கியது. நான் கத்தினேன், அடிக்கக் கை ஓங்கினேன். அவள், “உங்களுக்கு நான் வேண்டாம்மா, அந்த நம்பர்தான் வேணும்” என்றாள். அந்தச் சொல் பல நாட்கள் எனக்குத் தூக்கமில்லாமல் செய்தது.

நியாயம் அவள் பக்கமும் இருந்தது. காலையில் கண் விழித்ததும் அவளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி எத்தனை ஆண்டுகளாக எண்ணாகவே இருந்திருக்கிறது! ஆனால் பயமும் பொய்யில்லை. இந்த வயதிலிருந்துதான் கல்லீரலில் கட்டிகள் தோன்றத் தொடங்கலாம், சிறுநீரகம் பழுதடையலாம், எலும்பு வலுவிழக்கலாம். இவையெல்லாம் சர்க்கரை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தவை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில், கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய நோய்களின் வரிசையில் இதுவும் இருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாள் வராமலே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

மருத்துவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு மணி அலாரம் அவளுடையது; என்னுடையது இரண்டே காலுக்கு. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தால் நான் எதுவும் கேட்காமல் திரும்பிப் படுத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் ஆறு முறை நான்தான் எழுப்பினேன். ஒரு முறை என் அலாரமும் அடிக்காமல் போய், நாலரைக்குப் பதறி எழுந்தபோது அவள் வியர்த்துக் கிடந்தாள், 41. உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தோம். அதற்குப் பின் அவளாகவே கைப்பேசியைக் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில், அலமாரியின் மேல் வைக்கத் தொடங்கினாள்.

அண்ணன் வீட்டில் சென்ற பொங்கலன்று, வழக்கமான விளையாட்டுப் பேச்சாக, அவளை அண்ணன் மகனுக்குத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவள் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினாள்; மெண்டலின் பட்டாணிச் செடிக்காகப் பத்தாம் வகுப்பில் போட்ட அதே கட்டம். தன்னிடம் இருப்பவை இரண்டுமே பழுது என்பதால் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்று கட்டாயம் போகும், அத்தானிடமும் அதே பழுது ஒன்று இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி இந்த நோய் வரும் என்று நிதானமாகச் சொன்னாள். கூடம் அமைதியாகிவிட்டது. அண்ணன் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகனுக்குப் பரிசோதனை எங்கே செய்வது என்று என்னிடம் கேட்டார்.

கல்லூரிக்கு விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இன்னும் நான் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. போன வாரம் அவள் பையைத் துவைக்க எடுத்தபோது உள்ளறையில் ஓர் அட்டை இருந்தது. நோயின் பெயர், மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, சர்க்கரையை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசி எனக்குப் பலன் தராது, நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்ற வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அவளே எழுதி, கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தாள். இரண்டு மணி மாவின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் எடையையும் குறித்திருந்தாள். அந்த இடத்தில் மட்டும் கண்ணாடித் தாள் ஒட்டவில்லை. 38 என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 41 என்று எழுதியிருந்தாள்.