பேச்சு வராத பிள்ளைகிட்ட சம்மதம் வாங்குன கதை

காரைக்குடில சிறப்புக் கல்வில பிஎச்டி பண்றேன். பெருமூளை வாதம் இருந்து பேச்சு தெளிவா வராத பிள்ளைங்களுக்கு முதல்ல படத்தத் தொட்டுச் சொல்ற படப்பலகை, அப்புறம் டேப்லெட்ல பேசுற ஆப் குடுத்தா வீட்ல அவங்களா பேச ஆரம்பிக்கிறது எவ்வளவு கூடுதுங்குறதுதான் தலைப்பு. மொத்தம் மூணே பிள்ளைங்க.

ஆராய்ச்சி நெறிமுறைப்படி நடக்குதான்னு பாக்குற எத்திக்ஸ் கமிட்டில ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ ஒரே கேள்விதான், பிள்ளையோட சம்மதத்த எப்படி வாங்குவீங்கன்னு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்படி 7 வயசுலேர்ந்து 12 வரைக்கும் பெத்தவங்க கையெழுத்தோட பிள்ளையும் வாயால சரின்னு சொல்லணும், அதுக்கு மேல 18 வரைக்கும் எழுதி வாங்கணும். வாய்ல சொல்ல வராத பிள்ளைக்காகத்தானே இந்த ஆராய்ச்சியேன்னு ஒரு வாரம் எனக்குக் கோவம். யோசிச்சுப் பாத்தா அவங்க கேட்டது ரொம்ப சரி. அதனால முதல் கட்டமே பிள்ளையோட ஆமா-இல்லயக் கண்டுபிடிக்கிறதுன்னு மாத்தி எழுதிக் குடுத்தேன், அப்புறம்தான் அனுமதி வந்துச்சு.

பள்ளத்தூர் பக்கம் ஒரு வீடு, பிள்ளைக்கு 9 வயசு. அவ அப்பத்தாதான் எல்லாம் பாத்துக்குறாங்க. நான் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள "அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா ஆத்தா"ன்னு அவங்களே பதில் சொல்லிருவாங்க. தப்பு சொல்ல முடியாது, ஒம்பது வருசமா அவங்கதான அவளுக்கு வாய். கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க அப்பத்தான்னு சொல்லி வச்சேன், அதுக்கே நாலு நாள் ஆச்சு.

ரெண்டு அட்டை, பச்சைல ஆமா, சிவப்புல இல்ல. பக்கத்துல பக்கத்துல வச்சா எதைக் கேட்டாலும் வலது பக்கத்தையே தட்டுனா. புரியலபோலன்னு எழுதிருப்பேன், நல்லவேளை அட்டைய இடம் மாத்திப் பாத்தேன், அப்பவும் வலதுதான். இடது பக்கத்துக்கு அவ கை போகல, அவ்வளவுதான் விசயம்! முற்றத்து ஓரமா தூண்ல சாய்ச்சு வச்ச பரீட்சை அட்டைல மேல ஒண்ணு கீழ ஒண்ணு ஒட்டுனதும் பதில் மாறிருச்சு. நீ பையனா, இது அப்பத்தாவா, இப்ப ராத்திரியான்னு நமக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா 20, கலைச்சுப் போட்டு மூணு நாள் கேட்டேன். கடைசி நாள் 18 சரி.

இன்னொண்ணும் அங்கதான் கத்துக்கிட்டேன். "இது பணியாரமா"க்கு ஆமா சொல்றதும் "பணியாரம் வேணுமா"க்கு வேணும்னு சொல்றதும் வேற வேற. இல்ல அட்டையவே வேண்டாமுக்கும் வச்சப்ப பிள்ளை குழம்பிட்டா, அதனால வேணும், வேண்டாம்னு தனி ஜோடி போட்டேன். படங்கள் அரசாக்லேர்ந்து எடுத்தேன், ஸ்பெயின்ல அரகோன் அரசாங்கம் இலவசமா குடுக்குற படத்தொகுப்பு, நம்ம மாதிரி ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பெரிய உதவி. ஆனா பணியாரத்துக்கும் முற்றத்துக்கும் வீட்லயே போட்டோ எடுத்துதான் ஒட்டுனேன்.

சம்மதம் கேட்ட அன்னைக்கு, அக்கா தினம் வருவேன், உன்னை வீடியோ எடுப்பேன், வேணுமா வேண்டாமான்னு கேட்டுட்டுக் காத்திருந்தேன். கை நடுங்கி நடுங்கிப் போயி மேல இருந்த வேணும்ல நின்னுச்சு. அட்டைய மாத்தி வச்சு மறுபடி கேட்டேன், கீழ இருந்த வேணும்ல நின்னுச்சு. அப்பத்தா முந்தானையால கண்ணத் தொடச்சாங்க.

ஒவ்வொரு தடவையும் தொடங்குறதுக்கு முன்னாடி திரும்பக் கேக்கணும்னு நானே திட்டத்துல எழுதிருந்தேன். ஆறாவது தடவ வேண்டாம்னு தட்டுனா. அப்பத்தாவுக்குப் பதறிருச்சு, "காரைக்குடிலேர்ந்து பஸ் ஏறி வந்துருக்காக, செய்டி"ன்னாங்க. வேண்டாம் அப்பத்தான்னு சொல்லிட்டு கேமராவ மூடிப் பைக்குள்ள வச்சேன். பிள்ளை என் பைய பாத்தா, என்னைப் பாத்தா, மறுபடி பைய பாத்தா, அப்புறம் சத்தமா சிரிச்சா.

தாள்ல அன்னைக்குக் கட்டத்துல "மறுத்தாள்"னு எழுதிருக்கேன். வெள்ளிக்கிழமை போயி மறுபடி கேக்கணும்.