பார்த்துக் கொடுங்க

முதல் வேலைக்குப் போன வீட்டில் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு ஆகும் தம்பி?"

மூன்று வாரமாக அந்தக் கேள்விக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்தபடி தொகையை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. "நீங்க பார்த்துக் கொடுங்கம்மா" என்றேன்.

அவர் பார்த்துத்தான் கொடுத்தார். ஒன்பது ஜன்னல், இரண்டு குளியலறை, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சமையலறை. காலையில் நுழைந்தவன் விளக்குப் போட்ட பிறகுதான் வெளியே வந்தேன். துணி, சோப்பு, போக வர ஆன செலவு எல்லாம் கழித்தால், பழைய வேலையில் அரைநாள் விடுப்புக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களே, அவ்வளவுதான் கையில் நின்றது. அந்த அம்மா மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு ஜன்னலைத் துடைக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

பதினோரு வருடம் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதியவன் நான். கிடங்கை மூடினார்கள். வேலை கேட்டுப் போன இடங்களில் வயதைக் கேட்டதும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்றால், இருந்தது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் குறைவான சேமிப்பு. அதை வைத்துக் கடை போட முடியாது, சரக்கு எடுக்க முடியாது. வீடு, அலுவலகம் சுத்தம் செய்து கொடுக்கும் வேலைக்கு வாளியும் துணியும் போதும் என்று தோன்றியது. "வீட்ல ஒரு டம்ளர் கழுவினதில்ல, ஊர் வீட்டையெல்லாம் கழுவப் போறீங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனாலும் தன் தம்பியிடம் சொல்லி எனக்கு ஏணி வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

வாங்கியவை: இரண்டு வாளி, கண்ணாடிக்கு ஒரு வைப்பர், கறை சுரண்டும் பிளேடு, நான்கு ஸ்ப்ரே பாட்டில், ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, கையுறை. வாளி ஏன் இரண்டு என்றால், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, மற்றது துணி அலச. ஒரே வாளியை வைத்துக்கொண்டால் மூன்றாவது அறையில் முதல் அறையின் அழுக்கைத்தான் தடவிக்கொண்டிருப்போம்.

வைப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு முதலில் பிடித்துப்போன பொருள் அது. எட்டோரே ஸ்டெக்கோனே என்று ஒருவர், இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். அவர் காலத்தில் இருந்த வைப்பர் கனமான இரும்புச் சாமான்; அதில் ரப்பர் மாற்ற 12 திருகுகளைக் கழற்ற வேண்டும். 1936இல் அவர் பித்தளையில் லேசாக, ஒற்றை ரப்பர் வைத்து ஒன்றைச் செய்தார். இன்றைக்கு நாம் கையில் பிடிப்பது கிட்டத்தட்ட அதுதான். தினமும் துடைத்துக் கை வலித்த ஓர் ஆள் கண்டுபிடித்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அதைப் பிடிக்கப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவியதும், மேல் விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். அந்த உலர்ந்த இடத்தில் ரப்பரை வைத்து இழுக்க வேண்டும். ஈரத்திலேயே வைத்தால் ரப்பர் தடுக்கித் தடுக்கிக் கோடு போடும். ஓர் இழுப்பு முடிந்ததும் ரப்பரைத் துடைத்துவிட்டு, அடுத்த இழுப்பு முந்தையதன் ஓரத்தில் கொஞ்சம் ஏறும்படி இழுக்க வேண்டும். நேர் வெயில் அடிக்கும் கண்ணாடியை விட்டுவிட வேண்டும். இழுப்பதற்குள் சோப்பு காய்ந்து படலமாகிவிடும். எங்கள் வீட்டு முன்ஜன்னலை பத்து நாள், தினம் நான்கு தடவை துடைத்தேன். அது அத்தனை சுத்தமாக அதற்குப் பிறகு இருந்ததே இல்லை.

கண்ணாடியைக் கற்றுக்கொண்டேன். கல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. நாலாவது வேலையோ ஐந்தாவதோ, ஒரு வீட்டுக் குளியலறையின் கண்ணாடித் தடுப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை. அமிலம் கலந்த திரவத்தை அடித்துத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில், வாஷ்பேசினைப் பதித்திருந்த பளிங்கு மேடை மேலும் நாலு தடவை அடித்துவிட்டேன். துடைத்துப் பார்த்தால் துளி விழுந்த இடமெல்லாம் மங்கல் வட்டங்கள். கறை என்று நினைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் நன்றாகத் தெரிந்தன.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கண்ணாடியில் படியும் உப்புக்கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். பளிங்குக் கல்லும் அதேதான். கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும். நான் பார்த்த வட்டங்கள் கல்லின் மெருகு போன இடங்கள். அதற்கு ஆசிட்கூட வேண்டாம், எலுமிச்சைச் சாறு போதும். மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும், வேறு வழி கிடையாது.

வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. மேடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்க இதைத்தானே தினமும் செய்றீங்க?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். நான் இந்த வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பாலிஷ் போடுகிறவருக்கு நான்தான் பணம் கொடுத்தேன். அந்த வீட்டில் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அன்றிலிருந்து எந்தத் திரவமானாலும் முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன்.

இன்னொரு நாள், கழிப்பறைக் கோப்பைக்கு ஆசிட் கிளீனரை ஊற்றிவிட்டு, அது ஊறட்டும் என்று அதே இடத்தில் தரைக்குப் பிளீச்சைக் கொட்டினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததுதான் ஞாபகம். இப்போது இரண்டும் தனித்தனிப் பைகளில் போகும். ஓர் அறைக்கு ஒன்றுதான்.

விலைக்கு வருகிறேன். பதினோரு வருடம் கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடித்தவன், என் சொந்த நேரத்துக்குக் கணக்கே வைக்கவில்லை. நாலு மாதம் ஓடியாடி வேலை செய்த பிறகும் வீட்டில் சேமிப்பு குறைந்துகொண்டே போனபோதுதான் ஒரு நோட்டுப் போட்டேன். எதற்கு எத்தனை நிமிடம் என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு கதவு உள்ள ஜன்னல், சட்டத்தோடு, உள்ளும் வெளியும்: பன்னிரண்டு நிமிடம். அதே ஜன்னல் புதுக் கட்டடத்தில், சிமெண்டும் பெயிண்டும் தெறித்திருந்தால்: அரை மணி நேரம். (அதையும் பிளேடை வைத்து வேகமாகச் சுரண்டக் கூடாது, மண் துகள் இடையில் சிக்கினால் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கதையை விடுங்கள்.)

ஒரு மாதம் எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கென்று பத்து மணி நேரம் போன நாளில் வேலையில் கை வைத்தது ஆறு மணி நேரம்தான். மீதி நாலு மணி நேரம், ஏணியைத் தூக்கிக்கொண்டு போவது, வருவது, "வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, ராத்திரி துணி துவைப்பது. மைக்ரோஃபைபரை வாசனைத் திரவம் போட்டு அலசினால் தண்ணீர் உறிஞ்சாது என்பதால் அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். இந்த நாலு மணி நேரத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானாகவே தானம் செய்துகொண்டிருந்தேன். வேலை வராத நாட்கள் வேறு. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல்களை எண்ணுவேன். நிமிடத்தால் பெருக்கி, போக வர ஆகும் நேரத்தைச் சேர்த்து, சும்மா இருக்கும் நாளுக்கும் கொஞ்சம் ஏற்றி, அப்புறம்தான் வாயைத் திறப்பேன்.

திறந்தாலும் மூடத் தெரியவில்லை. தொகையைச் சொன்ன கையோடு, "கொஞ்சம் குறைச்சுக்கூடக் கொடுங்க, பரவாயில்ல" என்று நானே சேர்த்துவிடுவேன், எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள். ஒரு பெரியவர் வீட்டில்தான் அது நின்றது. தொகையைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசையைப் பார்க்கிறார், சட்டைப் பையைத் தடவுகிறார். அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு வியர்க்கிறது, வாய் உலர்ந்துவிட்டதால் குறைத்துச் சொல்லவும் வரவில்லை. கடைசியில் அவர், "சரிப்பா, என் கண்ணாடிய எங்கியாவது பார்த்தியா?" என்றார்.

விலை படிந்த பிறகு இன்னொரு தொல்லை உண்டு. "அப்படியே அந்த ஃபேனையும் துடைச்சிடுங்க." "அப்படியே பரண்ல இருக்கறத எறக்கி வைங்க." "அப்படியே" என்ற சொல்லுக்கு என் நோட்டில் ஒரு மாதத்துக்கு ஒன்றரை நாள் கணக்கு வந்தது. முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வராது. அதனால் ஒரு தாளில், செய்யப்போகும் வேலைகளை வரிசையாக எழுதி அவர்களிடம் ஒன்று கொடுத்துவிடுவேன். அதில் இல்லாதது வந்தால், "செஞ்சிடலாம்கா, இதுக்குத் தனியா இவ்வளவு வரும்" என்று தாளைப் பார்த்தபடி சொல்லலாம். ஆளைப் பார்த்துச் சொல்வதைவிட தாளைப் பார்த்துச் சொல்வது சுலபம். தொடங்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வதும் பளிங்கு மேடைக்குப் பிறகு வந்த பழக்கம்தான். ஏற்கெனவே இருக்கும் கீறலை முதலிலேயே காட்டிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தரை தேய்க்கும் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பெரிய கம்பெனி மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. வருடத்தில் நாலு தடவை வெளியே வந்தது. மீதி நாளெல்லாம் அதன் மேல் மனைவி துணி மடித்து வைத்தாள். விற்றுவிட்டு, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கிறேன்.

அலுவலக வேலை கிடைத்தபோது கரை சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். மாத ஒப்பந்தம், தினமும் சாயங்காலம் போக வேண்டும், வாடிக்கையாளர் தேடி அலைய வேண்டாம். அதற்காக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். அவர்களுக்கு வாராவாரம் சம்பளம். அலுவலகத்திலோ பில் கொடுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வரும். காகிதத்தில் லாபம், கையில் கடன். மனைவியின் வளையல் அந்தச் சமயத்தில்தான் வீட்டைவிட்டுப் போனது, ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. என் வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த ஓரிடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவர்கள் வேறு ஆளுக்கு மாறிக்கொண்டார்கள், ஒரு போன் காலில். தப்பாகவும் சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது எந்த இடத்து வேலையும் என் வாரத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன், பாதிப் பணம் முன்பணமாக வாங்குகிறேன். கேட்டால் கொடுக்கிறார்கள். இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்த்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் கெட்டிக்காரன். வைப்பரை எனக்குப் பத்து நாள் பிடித்ததை அவன் ஒரு மத்தியானத்தில் பிடித்தான். இரண்டு வருடம் கூட இருந்துவிட்டு, ஒரு மாதக் கடைசியில், "அண்ணே, நானே தனியா பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றான். என் வாடிக்கையாளர் இரண்டு பேர் அவனோடு போனார்கள். எனக்குக் கோபம். நான் கற்றுக்கொடுத்ததை வைத்து என் சோற்றிலேயே கை வைக்கிறானே என்று மனைவியிடம் ராத்திரி ரொம்ப நேரம் புலம்பினேன். "நீங்க கிடங்கை விட்டப்போ நாலு மாசம் யாரு விலை சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டுவிட்டு அவள் தூங்கிவிட்டாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை.

போன மாதம் அவனிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினான், யார் வீட்டிலோ நின்றுகொண்டு பேசுகிறான் என்று தெரிந்தது.

"அண்ணே, புது வீடு. மாடியோட. கண்ணாடியெல்லாம் பெயிண்ட் தெறிச்சிருக்கு. எவ்வளவுன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பார்த்துக் கொடுங்கன்னு சொல்லிட்டேன்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஜன்னலை எண்ணினியா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, அதோடு மூச்சு வாங்கிக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவன் குரலும்.