ஆர் மாறுறது? – சைவரைக் கரம்பிடித்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் அனுபவம்

திருகோணமலையில் வேதக்காரப் பிள்ளையும் சைவக்காரப் பிள்ளையும் கலியாணம் செய்யப்போகிறார்கள் என்றால் ஊர் கேட்கிற முதற்கேள்வி, “ஆர் மாறுறது?” எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், அவருடைய வீட்டிலும் கேட்டார்கள். ஒருவரும் மாறவில்லை. நான் கத்தோலிக்கம், அவர் உப்புவெளியில் பிறந்து வளர்ந்த சைவர். எங்கள் கலியாணம் பங்குக் கோயிலில், பீடத்துக்கு முன்னால், ஆயரின் அனுமதியோடு நடந்தது. இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் பதிவோடு நின்றுவிட்ட சோடிகளை எனக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஞானஸ்நானம் பெற்றவர் பெறாத ஒருவரை மணப்பது திருச்சபைச் சட்டத்தில் ஒரு தடை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1086ஆவது சட்டம். ‘தடை’ என்று பங்குத்தந்தை சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இது ஆயர் விலக்கு அளிக்கக்கூடிய தடை. விலக்கு இல்லாமல் செய்தால் திருமணம் செல்லாது, விலக்கோடு செய்தால் முழுமையாகச் செல்லும். மெதடிஸ்த, ஆங்கிலிக்கன் ஆட்களைக் கட்டுவது வேறு விசயம். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதற்கு அனுமதி பெற்றால் போதும். பேச்சில் இரண்டையும் ‘கலப்புத் திருமணம்’ என்றே சொல்கிறோம், ஆகவே உங்களுடையது எது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பத்திரங்கள் சேர்ப்பதில் அதிகம் இழுபட்டது என்னுடைய ஞானஸ்நானச் சான்றிதழ். ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. உறுதிபூசுதல், திருமணம், துறவற வாக்கு எல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். புதுப் பிரதியில் திருமணக் குறிப்பு இல்லை என்றால் நான் வேறெங்கும் கலியாணம் கட்டவில்லை என்று தெரியும். எங்கள் சிக்கல், 1990இல் இடம்பெயர்ந்து குடும்பம் மன்னார்ப் பக்கம் போயிருந்தபோது எனக்கு அங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது, அந்தக் காலத்துப் பதிவேடு சண்டையோடு போய்விட்டது. இதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. யாருக்கும் பாதகம் வராத இடத்தில், ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும் என்கிறது 876ஆவது சட்டம். என் ஞானத்தாய் எழுபதைக் கடந்தவ. ஆட்டோவில் வந்து இறங்கி, மூச்சு வாங்கி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னா: “கொட்டிலுக்குள்ளதான் ஃபாதர் நடந்தது. காத்துக்கு மெழுகுதிரி அணைஞ்சு போச்சு, ரெண்டாந்தரம் கொளுத்தினது. பிள்ளை தண்ணி விட்டதுக்கு அழவே இல்ல.” பங்குத்தந்தை மெழுகுதிரியை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதி, கையெழுத்து வாங்கினார்.

அவருக்கு ஞானஸ்நானப் பதிவு இல்லாதபடியால், சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு பேர் அவர் முன்பு கலியாணம் கட்டியவரல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய பெரியப்பாவும் படிப்பித்த சேர் ஒருவரும் வந்தார்கள். பிறகு எங்களைத் தனித்தனியே இருத்தி விசாரித்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, சாகும்வரை ஒருவருக்கொருவர் என்பதை ஏற்கிறீர்களா, பிள்ளை வேண்டாம் என்ற எண்ணம் உண்டா என்றெல்லாம் கேள்வி. திருமண வகுப்புக்கு அவரும் முழுவதும் வந்திருந்தார். சேமிப்பு, கடன் பற்றிய பகுதி அவருக்குப் பிடித்தது.

இந்த நடைமுறையில் உண்மையாகக் கனமான இடம் வாக்குறுதி. இருவரிடமும் கேட்பார்கள் என்று நினைத்துப் போனோம். என்னிடம் மட்டும்தான் கேட்டார்கள். என் விசுவாசம் போய்விடக்கூடிய ஆபத்துகளை விலக்க ஆயத்தமாக இருக்கிறேன் என்றும், பிறக்கும் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன் என்றும் நான் வாக்குக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு வாக்கை நான் கொடுக்கிறேன் என்பதை அவருக்குச் சரியாகத் தெரியப்படுத்த வேண்டும். அவர் எதையும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி இரண்டு பேரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அம்மம்மாவின் தங்கச்சி அந்தக் காலத்தில் ஒரு சைவரைக் கட்டியவ. புருசன் எழுதிக் கொடுத்த பிறகும் கலியாணம் கோயிலுக்குள் நடக்கவில்லை, பூசை உடுப்பு மாற்றுகிற அறையில்தான் நடந்தது. அதைப் பற்றி அவ கடைசிவரை கோபத்தோடுதான் பேசினா. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட கடிதம்தான் மற்றவரிடம் வாக்குறுதி வாங்குவதை நிறுத்தியது. அடுத்தவரின் மனச்சாட்சிக்குள் கை வைக்கக்கூடாது என்பது இதிலுள்ள எண்ணம் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் அவர் பங்குத்தந்தையிடம் நேரடியாகவே கேட்டார்: “ஃபாதர், இவ வாக்குக் குடுத்தா அது எனக்கும் சேர்த்துத்தானே? பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே?”

நான் எதிர்பார்த்தது ஒரு மழுப்பல் பதில். பங்குத்தந்தை மழுப்பவில்லை. வாக்கு முயற்சிக்கானது, முடிவுக்கானது அல்ல, குடும்பத்தை உடைத்துக்கொண்டு அதை நிறைவேற்றும்படி திருச்சபை கேட்கவில்லை என்று விளக்கினார். பிறகு அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். “இரவு படுக்கப்போகேக்க பிள்ளைக்குச் செபம் சொல்லிக் குடுக்கிறது ஆர்?” இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அதைப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள், அதுவரை படிவத்தில் கையெழுத்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

டச் பே கடற்கரையில் இருந்து பேசினோம். கலியாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, ஃபோட்டோக்காரர் என்று எத்தனையோ பேசியிருந்தோம், இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்திருந்தோம். ஞானஸ்நானத்துக்கு அவர் சம்மதித்தார். இரவுச் செபம் நான் சொல்லிக் கொடுப்பது, அந்த நேரம் அவர் எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருப்பது. ஆனால் சிவராத்திரிக்கு அப்பப்பா பேரப்பிள்ளையைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார், அதைத் தடுக்க ஏலாது என்றார். நான் தடுக்கமாட்டேன் என்றேன், விபூதி பூசுவது பற்றி இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை. பங்குத்தந்தையிடம் அதை அப்படியே சொன்னோம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது, ஆனால் அதை ஒரு சின்னப் பிள்ளைக்குக் குழப்பமில்லாமல் விளங்கப்படுத்துவது பெற்றோரின் வேலை என்றார். பிறகுதான் நான் கையெழுத்து வைத்தேன்.

என்னை அதிகம் நோகப்பண்ணியது வேறொன்று. எங்கள் திருமணம் அருளடையாளம், அதாவது கடவுளின் அருளைத் தருவதாகத் திருச்சபை ஏற்கும் திருச்சடங்கு, ஆகாது. அருளடையாளமான திருமணத்துக்கு இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். எங்களுடையது உண்மையான திருமணம், முறிக்க முடியாதென்றே நாங்கள் வாக்களிக்கும் பந்தம், கடவுள் முன் செல்லுபடியானது, ஆனால் அருளடையாளம் இல்லை. அவர் எப்போதாவது தானாக ஞானஸ்நானம் பெற்றால், இன்னொரு சடங்கு இல்லாமலே அது அருளடையாளமாகிவிடும். அப்போ நான் அரைத் திருமணத்துக்குள் போகிறேனா என்று கேட்டேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தைப் பங்குத்தந்தை எடுத்துத் தந்தார்: நம்பிக்கை கொள்ளாத கணவர் மனைவி வழியாகத் தூய்மையாக்கப்படுகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்கள் பற்றி எழுதிய மடலில் இப்படியான திருமணங்களைச் சமய உரையாடலுக்குரிய சிறப்பான இடம் என்று சொல்வதையும் காட்டினார். நல்ல வார்த்தைகள்தான். அன்றைக்கு எனக்கு அவை போதவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடு. பங்கில் என்னைக் கண்ட அன்ரிமார் எல்லோரும் புனித மொனிக்காவின் கதையைச் சொன்னார்கள். அகுஸ்தீனாரின் தாய், சாகக் கிட்ட புருசனையும் மனந்திருப்பினவ. மொனிக்காவின் புருசன் பத்ரீசியுஸ் முன்கோபக்காரன், வேறு பெண்களிடம் போனவன். என்னுடையவர் என்ன பிழை செய்தார்? அவரை மனந்திருப்பும் திட்டமாக நான் கலியாணம் கட்டவில்லை.

நாள் குறிப்பது ஒரு தலையிடி. தவக்காலத்தில் எங்கள் பங்கில் கலியாணம் வைப்பதில்லை, அவர்கள் வீட்டில் ஆடியும் புரட்டாதியும் மார்கழியும் ஆகாது. பாஸ்காவுக்குப் பிறகு வைகாசியில் ஒரு முகூர்த்தம் கிடைத்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கலியாண அறிவித்தல், வாசித்தார்கள். விவாகப் பதிவு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாளரிடம் சிக்கலில்லாமல் முடிந்தது, அங்கே சமயம் பிரச்சினையே இல்லை.

தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்கு செய்யலாமா என்று பயந்து பயந்து கேட்டோம். அது வழக்கம், எங்கள் ஆட்களும் செய்வதுதான் என்று விட்டுவிட்டார்கள். பத்தர் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “தாலியில என்ன வைக்கிறது?” என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிள்ளையாரா, சிலுவையா? நான் வாய் திறக்கவில்லை. மாமிதான் சொன்னா: “அவளின்ட கழுத்தில கிடக்கிறது. அவள் கும்பிடுறதை வையுங்கோ.” சிலுவை வைத்தார்கள்.

அதே மாமிக்கு, பத்திரகாளி அம்மன் கோயிலில் இன்னொரு தரம் தாலி கட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதற்குத்தான் வழியில்லை. திருமணச் சம்மதத்தைக் கொடுக்கவோ புதுப்பிக்கவோ இன்னொரு சமயச் சடங்கு முன்னும் பின்னும் கூடாது என்று சட்டம் நேராகச் சொல்கிறது. மாமி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு கலியாணம் முடிந்த கிழமை, எங்கள் பெயருக்கு அவ தனியாகப் போய் அர்ச்சனை செய்துகொண்டு வந்தா.

சடங்கு பூசை இல்லாமல் நடந்தது. வாசகங்கள், மறையுரை, சம்மதம், தாலி, மன்றாட்டு, ஆசீர். நற்கருணை இல்லை என்பது என் பக்கத்து ஆட்களுக்குக் குறையாகப் பட்டது. அவருடைய ஆட்கள் எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று முன்வாங்கைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள், இதில் பூசையும் வந்திருந்தால் நற்கருணை வாங்கும் நேரம் பாதிக் கோயில் அப்படியே இருந்திருக்கும். பூசை வேண்டாம் என்ற ஒழுங்கு எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

ஏற்கனவே பதிவு மட்டும் செய்துகொண்டு, நற்கருணை வாங்காமல் கடைசி வாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு விசயம். திருச்சபை முறைப்படி நடக்காததால் உங்கள் திருமணம் திருச்சபையில் செல்லுபடியாகவில்லை, ஆனால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. விலக்குப் பெற்று, பங்குத்தந்தையும் இரண்டு சாட்சிகளும் நிற்க, மீண்டும் சம்மதம் கொடுக்கலாம். உங்கள் துணை கோயிலுக்கு வர விரும்பாவிட்டால், இருவரின் பழைய சம்மதமும் தொடர்ந்து நிற்கும்வரை, அதைப் புதுப்பிக்காமலே ஆயர் அந்தத் திருமணத்தை வேரிலிருந்து செல்லுபடியாக்கலாம். அதற்கும் பிள்ளைகளைப் பற்றிய அந்த வாக்கு உண்டு. என் மச்சாள் ஒருத்தி இப்போது அதற்குத்தான் பத்திரங்கள் சேர்க்கிறா. அவளுக்கு நான் முதலில் சொன்னது, ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு இன்றைக்கே கடிதம் போடு என்பதைத்தான்.