வேகஸ் கருவி வைத்த பிறகு

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. கார்பமசெபின், வல்ப்ரோயேட், லெவெடிரசெடம் என்று குளிசை மாற்றாத வருடமில்லை. பொருத்தமாகத் தெரிந்தெடுத்த இரண்டு மருந்துக்கும் அடங்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல காலம் ஆனபிறகுதான் வேறு வழி பார்க்கிற பேச்சே வந்தது.

வேறு வழி என்றால் முதலில் மூளைச் சத்திரசிகிச்சை சரிவருமா என்று பார்ப்பார்கள். அதற்குக் கொழும்பிலேயே வீடியோ ஈஈஜி எடுத்தோம், மூளையின் மின் அலையையும் ஆளையும் ஒன்றாகப் பதிவுசெய்கிற சோதனை. தலை முழுக்க வயர் ஒட்டி, கமெராவுக்கு முன்னால் கட்டிலில் போட்டு, குளிசையையும் குறைத்துவிட்டார்கள். வலிப்பு வந்தால்தானே எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கலாம். இத்தனை வருடமாக அது வரக்கூடாது என்று நேர்த்தி வைத்த அம்மா, வந்ததும் அமத்துகிற பட்டனைக் கையில் பிடித்தபடி அது வரட்டும் என்று காத்திருந்தார். வந்தது. ஆனால் மூளையின் இரண்டு பக்கமும் தொடங்கியதால் வெட்டி எடுக்க வழியில்லை.

அப்புறம்தான் வேகஸ் நரம்புத் தூண்டல். மூளையைத் தொடுவதே இல்லை. இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து போகும் வயர், மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்குகிற இடது வேகஸ் நரம்பைச் சுற்றியிருக்கும். பெட்டி அந்த நரம்புக்கு விட்டுவிட்டுச் சின்னக் கரண்ட் கொடுக்கும். வலது பக்க நரம்பு இதயத் துடிப்போடு கூடுதலாகச் சம்பந்தப்பட்டது என்பதால் இடதுதான். அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்த சிகிச்சை இது. வலிப்பு அடியோடு நின்றுபோகிறவர்கள் கொஞ்சப்பேர்தான். ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காலப்போக்கில் பாதிக்குப் பாதியாவது குறைகிறது. டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். சொந்தக்காரர்கள்தான் ‘கரண்ட் வைக்கிறாங்களாம்’ என்று கலங்கிப்போனார்கள்.

ஒப்பரேஷன் சென்னையில். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மயக்க மருந்து, இரண்டு சின்ன வெட்டு, சில நாள் கழுத்து வலி. பெட்டியை உடனே ஓட விடவில்லை, காயம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் போல விட்டார்கள். அதன்பிறகு சட்டைக்கு மேலே ஒரு கருவியைப் பிடித்து, கரண்டை 0.25 மில்லி அம்பியர் படியாகக் கூட்டத் தொடங்கினார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வருடம் வரைகூடக் கூடிக்கொண்டே போகலாம். கொழும்பிலிருந்து ஒவ்வொரு படிக்கும் பிளேன் ஏற முடியுமா? அடுத்த படிகளை நாள் குறித்து முன்கூட்டியே போட்டுவிடக்கூடிய மாடல் என்பதால் தப்பினேன். எந்தப் பெட்டி என்று முடிவுசெய்ய முன்னர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். விலையெல்லாம் பிறகு.

வழக்கமான செட்டிங்கில் 30 விநாடி ஓடும், 5 நிமிடம் ஓயும். ஓடும் நேரத்தில் தொண்டை கரகரக்கும். நான் வெள்ளவத்தையில் கணக்கு டியூஷன் கொடுக்கிறவன். வகையீடு விளக்கிக்கொண்டிருக்கும்போதே குரல் கிழிந்துபோகும். ‘சேர், தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று முன் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும். நான் பலகையில் எழுதத் தொடங்கிவிடுவேன். அது முடிய மறுபடி பேச்சு. நீளமாகப் பேசவேண்டி வந்தால், பெட்டியோடு தருகிற காந்தத்தை நெஞ்சில் பெட்டிக்கு மேலே வைத்துப் பிடித்தால் பெட்டி ஓயும், எடுத்தால் வழமைக்கு வரும்.

அதே காந்தத்தால் ஒருதரம் தடவினால் மேலதிகமாக ஒரு தூண்டல் கிடைக்கும். எனக்கு வலிப்புக்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், ரப்பர் எரிகிற மணம் வரும். அந்த நேரத்துக்குள் கை எட்டினால் சிலது அப்படியே அமர்ந்துவிடுகிறது. எட்டாவிட்டால் அம்மா தடவுவார். காந்தத்தை பாங்க் கார்டோடு ஒரே பையில் வைக்கக்கூடாது.

குளிசையும் நிற்கவில்லை. ஆனால் விழுந்து எழும்புகிற பெரிய வலிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது, வந்தாலும் சீக்கிரம் தெளிகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கருவி அட்டையைக் காட்டுகிறேன். தோள்பட்டை வலிக்குப் பிசியோதெரபிக்குப் போனபோது டயதெர்மி என்கிற, அலைகளால் உள்ளே சூடு கொடுக்கிற சிகிச்சை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது வயரைச் சூடாக்கிவிடும். எம்ஆர்ஐ எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

பற்றரி சில வருடத்தில் தீரும். அப்போது நெஞ்சுப் பக்கத்தை மட்டும் திறந்து பெட்டியை மாற்றுவார்கள். அந்தச் செலவுக்கு டியூஷன் காசில் மாதாமாதம் ஒதுக்கி வருகிறேன்.