எவ்வளவு இறங்கினால்?

“பழைய முகவரிக்கே திரும்பிப் போக முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்று உள்ளடக்கப் பொறுப்பாளர் கேட்டார். “முடியும்” என்றேன். அது உண்மை. அதே மூச்சில் “ஆனால் போகக் கூடாது” என்றும் சொன்னேன். அதுவும் உண்மை என்றே அன்று நம்பினேன். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். எங்கள் இணையதளத்தின் முகவரி ஹெச்டிடிபியிலிருந்து, தரவை மறைகுறியாக்கி அனுப்பும் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அதற்கடுத்து அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு நான் சொன்ன பதில் பதில்தானா என்ற ஐயம் மட்டும் அவ்வப்போது தலைதூக்கிக்கொண்டே இருக்கிறது.

மாறுவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பாதுகாப்பான இணைப்பையும் தேடல் முடிவுகளின் தரவரிசைக்கான ஓர் அம்சமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகக் கூகுள் 2014 ஆகஸ்டில் அறிவித்தபோதே, அது உலகளாவிய தேடல்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றையே தொடும் என்றும் சொல்லியிருந்தது; ஆகவே தரவரிசை உயரும் என்ற ஆசையில் யாரும் இந்த வேலையைத் தொடங்கவில்லை. 2018 ஜூலையில் வெளிவரவிருந்த குரோம் பிரவுசரின் 68ஆம் பதிப்பு, ஹெச்டிடிபி பக்கங்கள் அனைத்துக்கும் முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிக் காட்டப்போகிறது என்பதுதான் எங்களை நகர்த்தியது. உடல்நலக் கட்டுரை ஒன்றைத் தேடி வருகிறவரின் கண்ணில் அந்த எச்சரிக்கை படக் கூடாது என்று முதலில் சொன்னவரும், ஜூலை முதல் பாதிக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அதே பொறுப்பாளர்தான். இதை என் தரப்பு வாதமாக இங்கே வைக்கிறேனா என்றால், ஆம், கொஞ்சம் அப்படித்தான்.

ஆயத்த வேலைகளில் பெரும்பகுதி அலுப்பூட்டுபவை. இத்துறையில் இருக்கும் எவருக்கும் அவை தெரியும். ஒவ்வொரு பழைய முகவரியும் தனக்கு நேரான புதிய முகவரிக்கு ஒரே தாவலில் போய்ச் சேர வேண்டும், எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. உள் இணைப்புகள், கேனானிக்கல் குறிகள் (ஒரு பக்கத்தின் அசல் முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்பவை), சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) யாவும் புதிய முகவரியையே சொல்ல வேண்டும். தேடுபொறிகள் எவற்றைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் பழைய முகவரிகளைத் தடுத்துவிட்டால், பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட், புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் அந்த ரீடைரக்டைப் பார்க்கவே வழியில்லாமல் போகும். இவற்றில் யாரும் யாரோடும் மோதவில்லை. உண்மையான விவாதம் நடந்தது இரண்டே இடங்களில். இரண்டும் திரும்பி வரும் வழியைப் பற்றியவை.

சர்வரைக் கவனிக்கும் சகா, ரீடைரக்டுக்கு முதலில் 302 என்ற பதிலை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின், நிரந்தரம் என்று சொல்லும் 301 ஆக மாற்றலாம் என்றார். நான் மறுத்தேன். 302 என்பது தற்காலிகம் என்று சொல்லும் பதில். அதைக் காணும் தேடுபொறி பழைய முகவரியையே இன்டெக்ஸில், அதாவது தன் தேடல் அட்டவணையில், வைத்துக்கொள்ள முனையும், நகர்ந்தோமா இல்லையா என்பதே தெரியாமல் வாரங்கள் கழியும். அடுத்தது ஹெச்எஸ்டிஎஸ்: குறிப்பிட்ட காலத்துக்கு இந்தத் தளத்தைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளை. முதல் நாளே அதன் ஆயுளை ஓராண்டு, அதாவது 31536000 விநாடி, என்று கொடுத்து, பிரவுசர்களுக்குள்ளேயே பதிக்கப்படும் ப்ரீலோட் பட்டியலுக்கும் தளத்தை அனுப்பிவிடலாம் என்றார் அவர். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் இறங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். 300 விநாடியில் தொடங்கலாம் என்றேன் நான். “ஏதாவது ஆனால் திரும்ப வேண்டியிருக்கும்” என்று கூட்டக் குறிப்பில் என் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, 301 விஷயத்தில் திரும்பப்போவதில்லை என்றும், ஹெச்எஸ்டிஎஸ் விஷயத்தில் திரும்பக்கூடும் என்றும் ஒரே கூட்டத்தில் நான் பேசியிருக்கிறேன். இது முரண் என்று அன்று யாரும் சொல்லவில்லை. இன்றும் எனக்கு அது முரணாகப் படவில்லை. பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான எங்கள் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் வகையைச் சேர்ந்தது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்திருந்தோமே தவிர, முதல் புதுப்பிப்பை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. சான்றிதழ் காலாவதியாகி, ஹெச்எஸ்டிஎஸ்ஸும் நீண்ட காலத்துக்குப் பூட்டியிருந்தால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வரக்கூட வாசகருக்குப் பிரவுசர் வழிவிடாது. நான் மனதில் வைத்திருந்த ‘ஏதாவது’ அதுதான். தேடல் வருகை குறைவது அந்தக் கணக்கில் இல்லை. பொறுப்பாளர் அந்தக் குறிப்பை வேறுவிதமாக வாசித்தார். அப்படி வாசிக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நகர்ந்த பிறகு தேடல் வருகையைக் காட்டும் வரைபடம் இறங்கியது. இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். தேடல் வருகையைத் தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில், அந்தக் காலத்தில் ஹெச்டிடிபி ஒரு சொத்து (தனிக் கணக்கு), ஹெச்டிடிபிஎஸ் வேறொரு சொத்து. டொமைன் முழுவதையும் ஒன்றாகக் காட்டும் வசதி 2019 பிப்ரவரியில்தான் வந்தது. பழைய சொத்தை மட்டும் பார்ப்பவருக்கு மலைச்சரிவு போலத் தெரியும். பொறுப்பாளர் அச்செடுத்து வந்த தாளில் அந்தச் சரிவுதான் இருந்தது என்று எண்ணி, நான் பொறுமையாக விளக்கத் தொடங்கினேன். அவர் என்னை முழுதாகப் பேசவிட்டு, பிறகு கீழிருந்த இரண்டாவது தாளை மேலே வைத்தார். அதில் தேதிவாரியாக மூன்று நெடுவரிசைகள்: பழைய சொத்தின் கிளிக்குகள், புதிய சொத்தின் கிளிக்குகள், இரண்டின் கூட்டுத்தொகை. மூன்றாவது நெடுவரிசையிலும் எண்கள் குறைந்துகொண்டேதான் வந்தன. உடல்நலப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போட்டு, பென்சிலால் கோடிட்டிருந்தார்.

என்னிடமும் காட்ட ஒன்று இருந்தது. சர்வர் லாகில், அதாவது அதன் வருகைப் பதிவேட்டில், கூகுள்பாட் பழைய முகவரி ஒன்றைக் கேட்கிறது, 301 பெறுகிறது, சற்று நேரம் கழித்துப் புதிய முகவரியைக் கேட்டு 200, அதாவது பக்கம் கிடைத்தது என்ற பதிலைப் பெறுகிறது. இப்படி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு அது பலமுறை வந்துபோயிருந்தது. ஆழத்தில் கிடக்கும் பழைய கட்டுரைகள் பலவற்றை இன்னும் தொட்டிருக்கவில்லை. நடுத்தர அளவுள்ள ஒரு தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறச் சில வாரங்கள் ஆகலாம் என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “சரி, காத்திருக்கிறோம். எவ்வளவு இறங்கினால் நீங்களே திரும்பலாம் என்று சொல்வீர்கள்?”

நான் சொன்ன பதில் நீளமானது. திரும்புவது என்பது பழைய நிலைக்கு வருவதல்ல, இன்னொரு நகர்வு. பாதித் தூரம் வந்துவிட்ட பக்கங்களை மறுபடி எதிர்த்திசையில் அனுப்பினால் தேடுபொறி எல்லாவற்றையும் முதலிலிருந்து எடைபோட வேண்டியிருக்கும். 301 பதிலைப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்வதால், ஏற்கெனவே வந்துபோன வாசகரின் கணினி பழைய முகவரியைக் கேட்காமலே புதியதற்குத் தாவும், சர்வர் அதைப் பழையதற்குத் திருப்பும், கடைசியில் சிலருக்குப் பக்கமே திறக்காமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் குரோமின் எச்சரிக்கை வாசலில் நிற்கிறது. இவற்றில் ஒரு வாக்கியத்தைக்கூட இன்று மாற்ற மாட்டேன். ஆனால் அவர் கேட்டது ஓர் எண்ணை; நான் கொடுத்தவை காரணங்கள். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டு, “அப்படியானால் எவ்வளவு இறங்கினாலும் திரும்ப மாட்டோம். அதை முன்பே சொல்லியிருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது” என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை.

பிறகு ஆகஸ்ட் வந்தது. அந்த மாத முதல் தேதி, தரவரிசை முறையில் விரிவானதொரு மாற்றத்தை வெளியிட்டிருப்பதாகக் கூகுள் உறுதிசெய்தது. உடல்நலம், பணம் தொடர்பான தளங்களே அதில் அதிகம் ஆட்டம் கண்டன என்பது துறையில் பரவலாகக் கவனிக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களில் இறங்கும் பக்கங்களுக்கென்று தனியாகத் திருத்தம் ஏதும் இல்லை என்பதே கூகுள் எப்போதும் சொல்லிவரும் பதில். எங்கள் தளத்தின் மற்றப் பகுதிகள் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தன, சில அதைத் தாண்டியும் போயின. உடல்நலப் பகுதி மட்டும் இன்னும் கீழே போய் அங்கேயே தங்கிவிட்டது. “ஆகஸ்ட் முதல் தேதி உங்களுக்கு வசதியாக வந்து சேர்ந்தது” என்றார் பொறுப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கை மூடிவைக்கும் தொனியில் சொன்னார்.

அநியாயம் என்றே அப்போது தோன்றியது. நகர்வுதான் காரணம் என்றால், அடி வாங்கியிருக்க வேண்டியது வேறு பக்கங்கள். அச்சுப் பிரதிக்கென்று பழைய டெம்ப்ளேட் ஒன்று இருந்தது; அதில் கேனானிக்கல் முகவரி ஹெச்டிடிபி என்று கையால் எழுதப்பட்டிருந்ததை, நகர்வுக்கு முன் எல்லாப் பக்கங்களையும் படித்துப் பார்த்த கடைசி கிரால் சோதனையில்தான் பிடித்துத் திருத்தினோம். சிக்கல் வந்தால் அங்கேதான் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கங்களே எல்லோருக்கும் முன்னால் மீண்டன. எந்தச் சோதனையிலும் ஒரு பிழையும் காட்டாத உடல்நலப் பகுதிதான் மீளவில்லை. இதைவிடத் தெளிவான சான்று என்ன வேண்டும் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே லாகை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். ஆழத்தில் கிடந்து, கூகுள்பாட் கடைசியாகத் தொட்ட பக்கங்களில் பெரும்பாலானவை உடல்நலக் கட்டுரைகளே. ஆகஸ்ட் முதல் தேதி அவற்றில் ஒரு பகுதி பழைய முகவரியிலும் ஒரு பகுதி புதிய முகவரியிலும் இன்டெக்ஸில் இருந்தன. அந்த நிலையில் எடைபோடப்பட்டதால் ஏதும் மாறியதா என்பதைச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. மாறியிராது என்பதே என் கணிப்பு. அந்தக் கணிப்பு எனக்குச் சாதகமாக இருப்பதும் உண்மைதான்.

சர்வர் சகாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. “ஹெச்எஸ்டிஎஸ்ஸுக்கு அன்றே ஓராண்டு போட்டிருந்தால் திரும்பலாமா என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்” என்பது அவர் முடிவு. முதல் புதுப்பிப்பு ஒழுங்காக நடந்த பிறகு நாங்கள் அந்த ஓராண்டைப் போட்டோம். அதன்பின் உண்மையாகவே யாரும் கேட்கவில்லை. திரும்பும் வழியைத் திறந்துவைத்ததால் என்னிடம் கேள்வி வந்தது, மூடியதும் கேள்வி நின்றது என்பது சரிதான். ஆனால் கேள்வி வராமலிருப்பதற்காக வாசகரைச் சான்றிதழ் ஆபத்தில் விட்டிருக்கலாம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

இப்போது வேறொரு தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றுகிறோம். அதன் பொறுப்பும் அவரிடமே வந்திருக்கிறது. திட்ட அட்டவணையில் ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருப்பது, சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைப் பதிவது போன்ற வழக்கமான வரிகளுக்கு மேலே, ‘எவ்வளவு இறங்கினால் திரும்புவோம்’ என்று ஒரு வரியை அவரே சேர்த்து, மூன்று வாரம் தொடர்ந்து 30 சதவீதம் என்று நிரப்பியும் விட்டார். முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட வேண்டும் என்று நான் சேர்த்ததை ஏற்றுக்கொண்டார். அந்த வாரங்களில் தேடுபொறி உறுதிசெய்த தரவரிசை மாற்றம் ஏதும் நடந்தால் இந்த நிபந்தனை செல்லாது என்று அடுத்து எழுதியதை அழித்துவிட்டு, “அப்படியொன்று எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும்” என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். அந்த வாக்கியத்தை நான் மீண்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் நான் ஒப்புதல் தரப்போவதில்லை. அது இருந்தால் அவர் தரமாட்டார்.